மருத்துவமனையிலிருந்து மலையூருக்கு

கோயம்புத்தூருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஆனைகட்டி. அங்கே தமிழ்நாடு முடிந்து, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அட்டப்பாடி தொடங்குகிறது. இருளர், முடுகர், குறும்பர் முதலிய பழங்குடியினரும், தமிழும் மலையாளமும் பேசும் குடியானவரும் கலந்து வாழும் மலைநாடு அது. அங்கே ஒரு குழந்தை, ஓராண்டு நிறைந்தும் உட்காராதிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டுவது ஒருநாள் மருந்தன்று. பல்லாண்டு இடைவிடாத பயிற்சி. வாரந்தோறும் நகரத்துக்குப் பேருந்து ஏறினால் தாயின் கூலி போகும். நாளடைவில் பயிற்சியும் நின்றுபோகும். இந்த இடைவெளியைக் குறைக்க நம் நாட்டில் நடந்த முயற்சிகளின் வரலாற்றை இங்கே காண்போம்.

மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது, இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற வீரர்களின் பொருட்டேயாகும். அமெரிக்காவில் டாக்டர் ஹோவர்டு ரஸ்க் இதற்கு முன்னோடி. உயிர் பிழைத்தவனை மீண்டும் வாழ்வில் நிறுத்துவதும் மருத்துவரின் கடனே என்பது அவர் கொள்கை. இந்தியாவில் 1955-ஆம் ஆண்டு பம்பாயில் இதற்கென ஓர் அகில இந்திய நிலையம் தோன்றியது. அந்நாளில் இளம்பிள்ளை வாதம் எண்ணற்ற சிறுவர்களின் கால்களை முடக்கிக்கொண்டிருந்தது.

தென்னாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தார். எனினும் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க் சென்று ரஸ்கின் நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் உருப்பெற்றது.

ஆயினும் வேலூர் எல்லோருக்கும் அண்மையில் இல்லையே! நாட்டுப்புறத்துக்கே பணியைக் கொண்டுசென்றவர்களுள் ஒருவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த அவர், 1981-இல் தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். சிறு பள்ளியாகத் தொடங்கிய அது, பின்னர் ஊர்ப்பணியாளர்களைப் பழக்கி வீடுகளுக்கே அனுப்பியது. வல்லுநர் வழிகாட்ட, பணியாளர் கற்பிக்க, தாய் நாள்தோறும் பயிற்றுவிக்கும் முறை இது.

2014-இல் இந்தியா இளம்பிள்ளை வாதம் நீங்கிய நாடாக அறிவிக்கப்பெற்றது. ஆனால் மூளை முடக்குவாதம், செவித்திறன் குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகியவை நீங்கவில்லை. மூளை விரைந்து வளரும் முதல் சில ஆண்டுகளில் பயிற்சி தொடங்கினால் பயன் மிகுதி. ஆதலின் 2013-இல் மத்திய அரசு, பிறப்பு முதல் 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு செல்லும். குறை காணப்பெற்ற குழந்தைகள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பப்பெறுவர்.

இவ்வரலாறு காட்டும் உண்மை ஒன்று உண்டு: பெரிய கட்டடம் மட்டும் போதாது, குழந்தையின் வீட்டு வாயில்வரை செல்லும் வழியும், அதன் தாய்மொழி அறிந்த பணியாளரும் வேண்டும். ஆனைகட்டி மக்களின் இடர் பிறமாநிலங்களில் வாழும் நமக்கும் புதிதன்று. மாநிலமும் மொழியும் மாறும் இடத்தில் உதவி நழுவிப்போதல் எளிது. ஆனால் 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நம் வீட்டுக் குழந்தையின் வளர்ச்சியில் ஐயம் எழுமாயின், ஊர் திரும்பும் நாளுக்குக் காத்திராமல், வாழும் மாவட்டத்தின் அரசு மருத்துவமனையை உடனே நாடுவோமாக.