பேச்சுப் போட்டியிலிருந்து கட்டுரைப் போட்டிக்கு: அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேச்சு மையங்களின் ஆய்வு வரலாறு

1879ஆம் ஆண்டு அயோவா சிட்டியில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான கல்லூரிப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு பெற்றவர் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் லா ஃபோலெட். ஷேக்ஸ்பியரின் இயாகோ என்ற பாத்திரத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் போட்டித் தொடர் 1874இல் இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் தொடங்கியது. லா ஃபோலெட் பின்னாளில் விஸ்கான்சின் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார். பேசத் தெரிந்தவனுக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகளில் அத்தனை பழையது. ஆனால் பேசக் கற்றுக்கொடுப்பதை ஆராய்ந்து எழுதியவனுக்குப் பரிசு கிடைக்க நெடுங்காலம் பிடித்தது. மாணவருக்குப் பேச்சுப் பயிற்சி தரும் பல்கலைக்கழகப் பேச்சு மையங்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைப் போட்டிகள் அந்த நீண்ட இடைவெளியின் விளைவு. பயிற்சி கொடுப்பவரும் அறிஞர்தானா என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்களில் அவை அண்மையானவை என்பது இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேச்சுக்கலை ஆசிரியர்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துறையின் ஓரத்தில் இருந்தார்கள். இலக்கியம் கற்பிப்பவர் அறிஞர். குரலும் கையசைவும் கற்பிப்பவர் பயிற்றுநர். 1914 நவம்பரில் சிகாகோவில் 17 ஆசிரியர்கள் ஆங்கில ஆசிரியர்களின் தேசிய அமைப்பிலிருந்து பிரிந்து தனிச் சங்கம் கண்டார்கள். இன்றைய தேசியத் தொடர்பியல் கழகம் அதன் வழிவந்தது. 1915இல் அவர்களுக்கென ஒரு காலாண்டிதழும் வந்தது.

அந்த இதழின் முதல் ஆண்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வைனன்ஸ், ஆய்வு செய்தால்தான் பிற துறையினர் நம்மை மதிப்பார்கள், நமக்கென்று உறுதியான அறிவும் சேரும் என்று எழுதினார். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் உல்பர்ட் இன்னும் ஒரு படி மேலே போய், உளவியலைப் போலப் பேச்சையும் ஓர் அறிவியலாக அமைக்க வேண்டும் என்றார். தெற்கு டகோட்டாவின் சிறிய ஹியூரன் கல்லூரியில் இருந்த எவரெட் லீ ஹன்ட் இதை ஏற்கவில்லை. பொதுவாழ்வின் பெரிய கேள்விகளை மாணவரோடு சேர்ந்து சிந்திப்பவரே பேச்சாசிரியர். நுணுக்க ஆய்வின் பின்னால் ஓடினால் அந்தப் பரந்த மனம் சுருங்கிவிடும் என்பது அவர் கவலை. ஹன்ட்டின் பக்கம் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் வென்றது வைனன்ஸின் பக்கம். 1922இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் பேச்சுத் துறையில் முதல் முனைவர் பட்டத்தைச் சாரா ஸ்டின்ச்ஃபீல்டுக்கு வழங்கியது. 1934இல் ஆய்வுக்கென்றே இன்னோர் இதழ் பிறந்தது.

துறை இப்படி ஆய்வுத் துறையாகிவிட்ட பிறகு, பயிற்சி என்ற பழைய வேலை மறுபடி ஒரு தனி அறைக்குள் வந்து சேர்ந்தது. அதற்கு முன்மாதிரி எழுத்து மையங்கள். அயோவா பல்கலைக்கழகத்தில் 1930களிலேயே எழுத்துக் கூடம் ஒன்று இயங்கியது. 1970களில் நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் கென்னத் புரூஃபி, மாணவருக்கு மாணவரே உதவும் முறையை வளர்த்தார். அதே காலத்தில், எழுத்தும் பேச்சும் ஒரு துறையின் பொறுப்பல்ல, எல்லாப் பாடங்களுக்கும் உரியவை என்ற இயக்கம் பரவியது. அயோவாவின் பெல்லா நகரிலுள்ள சென்ட்ரல் கல்லூரி அதில் முன்னோடி. வேதியியல் ஆசிரியரும் கணக்கியல் ஆசிரியரும் மாணவர்களை வகுப்பின் முன் நின்று பேசச் சொன்னால், அவர்களைத் தயார்செய்ய ஓர் இடம் வேண்டும் அல்லவா? அடுத்த இருபது ஆண்டுகளில் பேச்சு மையங்கள் பெருகியதற்கு முக்கியக் காரணம் இதுதான். மாணவர் நேரம் பதிவுசெய்து வருவார். பயிற்சி பெற்ற சக மாணவர் ஒருவர் அவரது உரைக் குறிப்பைப் பார்ப்பார், ஒத்திகையைக் கேட்பார், காணொளியில் பதிந்து போட்டுக் காட்டுவார். மதிப்பெண் இல்லாததால் பயம் குறைவு.

1914இல் பேச்சாசிரியர்களுக்கு இருந்த தாழ்வும் இந்த மையங்களோடு கூடவே வந்தது. எழுத்து மையங்களைப் பழுதுபார்க்கும் கடையாகப் பார்க்கும் சக ஆசிரியர்கள் மீது எழுத்து மைய ஆய்வாளர் ஸ்டீபன் நார்த் 1984இல் வெளிப்படையாகவே கோபப்பட்டு எழுதினார். அந்தக் கட்டுரை இன்றும் அத்துறையில் மேற்கோள் காட்டப்படுகிறது. பேச்சு மைய இயக்குநர்கள் பலருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடையாது. ஆண்டுதோறும் நிதி கேட்கும்போது, எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, வந்ததால் என்ன பயன் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. நிர்வாகத்துக்குச் சான்று வேண்டும், சக பேராசிரியர்களுக்கு ஆய்வு வேண்டும். இரண்டையும் ஒரே கட்டுரையில் கொடுக்க முடியும் என்ற எண்ணத்தில்தான் போட்டிகளின் வேர் இருக்கிறது.

இப்போட்டிகள் நடக்கும் விதம் எளிது. தேசியத் தொடர்பியல் கழகத்தில், தொடர்பியல் மையங்கள் என்றும் அழைக்கப்படும் பேச்சு மையங்களுக்கென ஒரு பிரிவு இருக்கிறது. மையங்களுக்கே உரிய தேசியச் சங்கமும் இயங்குகிறது. இத்தகைய மாநாடுகளின் பொது வழக்கப்படி, அழைப்பு வெளியானதும் எழுதியவரின் பெயரும் கல்லூரியும் நீக்கப்பட்ட கட்டுரைகள் போகும். மதிப்பீட்டாளர்கள் மதிப்பிடுவார்கள். மேலான சில கட்டுரைகள் சிறந்த கட்டுரைகளுக்கான அமர்வில் வாசிக்கப்படும். மூத்த ஆய்வாளர் ஒருவர் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொல்வார். பரிசு பெரும்பாலும் ஒரு சான்றிதழ்தான். ஆனால் கட்டுரை வாசிப்பவருக்கே பயணச் செலவு தரும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு. மையத்தில் வேலை பார்க்கும் இருபது வயது மாணவர் மாநாட்டைப் பார்க்க அதுவே வழி.

பெயரை மறைத்து அனுப்பும் முறை பழையது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கழகங்களின் பரிசுப் போட்டிகளில் கட்டுரையின் தலையில் ஒரு குறிவாசகம் மட்டும் இருக்கும். பெயர் மூடிய உறைக்குள் இருக்கும். ரூசோ 1750இல் டிஜோன் கழகத்தின் பரிசை வென்றதும், மொழியின் தோற்றம் பற்றிய பெர்லின் கழகத்தின் பரிசை ஹெர்டர் 1771இல் பெற்றதும் இத்தகைய போட்டிகளில்தான். அங்கே கேள்வியைக் கழகம் கேட்டது. எழுதுபவர் பதில் தந்தார். அமெரிக்க மாநாட்டுப் போட்டியில் கேள்வியையும் எழுதுபவரே கொண்டுவர வேண்டும். ஒரே கேள்விக்குப் பலர் மோதும் வாய்ப்பு இங்கே இல்லை. துறைக்கு இது நல்லதா என்பது எனக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குக் காரணம் அளவுகோல்கள்: கேள்வியைத் தானே தேர்பவர், கைக்கு எளிதான அளவுகோலுக்கு ஏற்பவே கேட்டுவிடலாம். பிறரோடு பேசுவதில் எழும் தொடர்பு அச்சம் பற்றிய ஆய்வை 1970இல் வலுவாகத் தொடங்கி வைத்தவர் தொடர்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்ராஸ்கி. அவர் உருவாக்கிய தொடர்பு அச்ச வினாநிரலின் பரவலான வடிவத்தில் 24 கூற்றுகள் உண்டு. குழு உரையாடல், கூட்டம், இருவர் பேச்சு, மேடைப் பேச்சு என நான்கு சூழல்கள். ஒவ்வொன்றுக்கும் ஆறு கூற்றுகள். மொத்தப் புள்ளி 24 முதல் 120 வரை. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ஒரு பருவத்துக்குள் கட்டுரையை முடித்துக் கெடு நாளுக்குள் அனுப்ப வேண்டியவருக்கு இதைவிட வசதியான கருவி கிடைக்காது. ஆனால் அது அளப்பது ஒருவரிடம் நிலையாக இருக்கும் அச்சத்தை. மையத்தில் அரைமணி நேரம் செலவிட்டதால் அது குறைந்ததா என்று முன்னும் பின்னும் நிரப்பச் சொல்வது, ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டு உடல்வாகு மாறியதா என்று பார்ப்பது போலத்தான். அந்த நேரத்துப் பதற்றத்தை அளக்க வேறு கருவிகள் இருக்கின்றன.

இதைவிடக் கடினமான சிக்கல், மையத்துக்கு வருபவர் யார் என்பது. தானாக வருபவருக்கு ஏற்கெனவே ஊக்கம் உண்டு. அவர் நல்ல மதிப்பெண் வாங்கினால் பெருமை மையத்துக்கா, அவருக்கா? ஆசிரியர் கட்டாயப்படுத்தி அனுப்பியவரை வைத்து அளந்தால் வேறு விதமான கோணல் வரும். குலுக்கல் முறையில் பாதிப் பேரைத் தடுத்தால் அளவு சரியாக வரும். ஆனால் கட்டணம் செலுத்தும் மாணவருக்கு உதவியை மறுப்பதை ஆய்வு அறக்குழு எளிதில் ஏற்காது. இந்த முடிச்சை ஒரு பருவக் கட்டுரையால் அவிழ்க்க முடியாது.

ஆனாலும் சக மாணவப் பயிற்றுநர்கள் எழுதுவதில் ஒரு தனி மதிப்பு இருக்கிறது. மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்தவர் எப்போது மௌனமானார், எந்தத் திருத்தத்தை ஏற்காமல் தலையாட்டினார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். கிழக்கு, தெற்கு மாநிலங்களின் தொடர்பியல் சங்கங்கள் இளங்கலை மாணவர்களுக்கெனத் தனி மாநாட்டையே நடத்துகின்றன. தெற்கில் அது தொடர்பியல் அறிஞர் தியடோர் கிளெவஞ்சர் பெயரில் நடக்கிறது. கிழக்கில் நடப்பது மெக்ராஸ்கி, அவரது சக ஆய்வாளர் வர்ஜீனியா ரிச்மண்ட் இருவர் பெயரிலும். வினாநிரலைத் தந்தவரே மாணவ ஆய்வாளர்களுக்கும் புரவலராகிவிட்டார்.

2012இல் இம்மையங்களைப் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை யன்கியாங் யூக், வெண்டி ஆட்கின்ஸ்-செய்ர் இருவரும் நூலாகக் கொண்டுவந்தார்கள். 2015இல் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவை மையமாகக் கொண்டு இத்துறைக்கென ஒரு தனி ஆய்விதழ் தொடங்கியது. அதற்குமுன் மாநாட்டில் வாசித்த கட்டுரைக்கு அடுத்து எங்கே போவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பொதுவான தொடர்பியல் இதழ்களில் இடம் பிடிப்பது எளிதல்ல. இப்போது போக ஓர் இடம் இருக்கிறது. 2020இல் பெருந்தொற்றால் மையங்கள் திரைக்கு மாறியபோது ஆய்வுக்குப் புதுக் கேள்விகளும் வந்தன: கேமராவைப் பார்த்துப் பேசுபவருக்குக் கண் தொடர்பு என்று எதைக் கற்றுக்கொடுப்பது, ஒலியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கேட்போரின் முகத்தை எப்படிப் படிப்பது? இவற்றுக்கு 24 கூற்றுகளின் வினாநிரல் உதவாது. பயிற்றுநர்கள் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்த குறிப்பேடுகள் ஒருவேளை உதவலாம்.