குடும்ப நீதிமன்ற ஆலோசனை

குடும்ப நீதிமன்ற ஆலோசனை என்பது மணமுறிவு கோரும் அல்லது பிரிந்து வாழும் கணவன் மனைவியருக்கு, வழக்கு நடைபெறும் காலத்தில் சில அமர்வுகளில் அளிக்கப்படும் குறுகியகால உளவளத்துணை ஆகும். இருவரும் மீண்டும் இணைந்து வாழ இயலுமா என அறிவது இதன் முதல் நோக்கம். அது இயலாதெனில், பிள்ளைகளின் பராமரிப்பு குறித்து உடன்பாடு காணச் செய்வது இரண்டாவது நோக்கம்.

சட்ட அடிப்படை

இந்தியாவில் 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் இதற்கு அடிப்படையாக உள்ளது. இச்சட்டத்தின் 6 ஆம் பிரிவு ஆலோசகர்களின் நியமனம் பற்றியது. 9 ஆம் பிரிவு, இணக்கமான தீர்வுக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது; தீர்வுக்கு வாய்ப்பு தென்பட்டால் வழக்கை ஒத்திவைக்கவும் இடமளிக்கிறது. 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 23 ஆம் பிரிவும் இத்தகைய முயற்சியை வலியுறுத்துகிறது. அதற்காக வழக்கை 15 நாட்களுக்கு மிகாமல் ஒத்திவைக்கலாம்.

நடைமுறை

ஆலோசகர் பொதுவாக இருவரையும் தனித்தனியே சந்தித்து, பின்னர் ஒன்றாக அமர்த்திப் பேசுவார். அவர் தீர்ப்பு வழங்குபவர் அல்லர். எவர் பக்கமும் வாதாடுபவரும் அல்லர்.

நீதிமன்றம் சார்ந்த சமரசம் இதனின்று வேறுபட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 ஆம் ஆண்டு சமரச மையம் தொடங்கப்பட்டது. சமரசத்தில் பேசப்படுபவை இரகசியமானவை. ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்குகளில், ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. பிள்ளையின் நலனே இவ்விதிவிலக்குக்குக் காரணமாகும்.

பிரிந்த பெற்றோரும் பிள்ளைகளும்

மணவாழ்வு முடிந்தாலும் பெற்றோர் என்ற உறவு முடிவதில்லை. எனவே இணைத்து வைக்க இயலாத வழக்குகளிலும் ஆலோசனைக்குப் பணி உண்டு. இவ்வகை அமர்வுகளில் முடிவு செய்யத்தக்கவை:

* பள்ளி நாட்களில் பிள்ளை தங்கும் வீடு
* விடுமுறை, பண்டிகை நாட்களின் பங்கீடு
* கல்வி, மருத்துவச் செலவுகள்
* பிள்ளையை அழைத்துச் செல்லும், திரும்ப விடும் இடமும் நேரமும்
* தொலைபேசி, காணொளி வழித் தொடர்பு

பிள்ளையைத் தூது செல்ல வைக்காதிருத்தல், பிள்ளையின் முன் மற்றவரைப் பழிக்காதிருத்தல் ஆகியவையும் வலியுறுத்தப்படுகின்றன. பெற்றோர் இருவரின் அன்பையும் பெறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் 2020 இல் கூறியது. நேரில் சந்திக்க இயலாதபோது காணொளி வழித் தொடர்பையும் அது குறிப்பிட்டது. கூட்டுப் பராமரிப்பு முறைக்கு இடமளிக்குமாறு இந்தியச் சட்ட ஆணையம் 2015 இல் தனது 257 ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

வன்முறை உள்ள வழக்குகள்

வன்முறைக்கு உள்ளானவரைச் சமாதானம் என்ற பெயரில் பணிய வைக்கும் ஆபத்து ஆலோசனையில் உண்டு. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், இருவரையும் தனியாகவோ கூட்டாகவோ ஆலோசனைக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரம் தருகிறது. எனினும், தாம் செய்த வன்முறையை நியாயப்படுத்த எதிர்மனுதாரரை ஆலோசனையில் அனுமதிக்கலாகாது என 2006 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும்

பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களில் குடும்ப நீதிமன்றம் அமைப்பது கட்டாயம். பிற இடங்களில் தேவை கருதி மாநில அரசு அமைக்கலாம். குடும்ப நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் உரிய உரிமையியல் நீதிமன்றமே இவ்வழக்குகளை விசாரிக்கும். திருவண்ணாமலை மாவட்டத்தின் கலசப்பாக்கம் போன்ற ஊரில் உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண், தாம் வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே மனு அளிக்க 2003 ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம்.

கலசப்பாக்கத்தை அடுத்துள்ள சவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடியினர் ஆவர். மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டாலன்றி, இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அவர்களது திருமணமும் பிரிவும் வழக்காற்றைச் சார்ந்தவை. நீதிமன்றத்தில் அவ்வழக்காறு மெய்ப்பிக்கப்பட வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்கு 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தை நாடலாம். விவரமறிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள அச்சட்டம் இடமளிக்கிறது.

பிற நாடுகளில்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், பிள்ளைகளின் பராமரிப்பு பற்றிய வழக்குகளில் சமரச முயற்சியை 1981 இல் கட்டாயமாக்கியது. ஆத்திரேலியாவில் 2006 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களின் பகுதியாகக் குடும்ப உறவு மையங்கள் தொடங்கப்பட்டன. பிள்ளைகள் தொடர்பான பிணக்குகளில், வன்முறை போன்ற விதிவிலக்குகள் தவிர, நீதிமன்றம் செல்லுமுன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது அங்குள்ள விதியாகும்.