பசிக்குப் பத்தி இல்லை

இங்கிலாந்தின் பதிவுத் தலைமை அலுவலகம் 1839-இல் வெளியிட்ட முதல் அறிக்கையில் வில்லியம் ஃபார் 63 சாவுகளைப் பட்டினியின் கீழ் வைத்தார். ஏழைகள் சட்டக் கமிஷனின் செயலாளர் எட்வின் சாட்விக் மறுத்தார். பட்டினியை ஒப்புக்கொண்டால் 1834-இன் புதிய சட்டமும் கூண்டில் நிற்க வேண்டிவரும். ஃபார் சொன்னது இவ்வளவுதான்: பசி பெரும்பாலும் நோயின் மூலமாகவே கொல்கிறது.

இதன் முழு அர்த்தம் 1876–78 பஞ்சத்தில், சென்னை மாகாணத்தில் தெரிந்தது. இங்கே சாவைப் பதிந்தவர் டாக்டர் அல்ல, கிராம முன்சீப். அவர் முன்னிருந்த பத்திகள் காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், இதர.

1877 தொடக்கத்தில் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானிய அளவுக்குக் குறைத்தார். உடலுழைப்புக்கு இது போதாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் வாதாடினார். செத்தவர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் போய்ச் சேர்ந்தார்கள். முன்சீப் பொய் எழுதவில்லை; காலரா வந்தது நிஜம். ஆனால் அந்த உடல்களை அதற்குத் தயார் செய்தது எது என்று எந்தப் பத்தியும் கேட்கவில்லை.

1871-இல் மாகாணத்தின் ஜனத்தொகை சுமார் 3.12 கோடி. 1881-இல் சுமார் 3.08 கோடி. சாவுக் கணக்கு மறைத்ததை உயிரோடிருந்தவர்களின் கணக்கு சொல்லிற்று.