வீட்டு லினக்ஸ் கணினியைப் பாதுகாப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளங்கள் நல்ல மாற்று. ஆனால் அவற்றைப் போட்டுக் கொடுக்கும் தம்பிமார்கள், "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எதைப் பாதுகாக்கிறோம்?

லினக்ஸில் இயங்குதளத்தின் கோப்புகளைத் தொட 'ரூட்' அனுமதி, அதாவது நிர்வாகியின் பாஸ்வேர்டு வேண்டும். அதனால் ஒரு கெட்ட நிரல் எளிதில் இயங்குதளத்தைக் கெடுத்துவிட முடியாது. ஆனால் இயங்குதளம் கெட்டால் நமக்கு என்ன நட்டம்? அரை மணி, ஒரு மணி நேரத்தில் திரும்பப் போட்டுவிடலாம். திரும்பக் கிடைக்காதவை நமது ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கின்றன. பிள்ளைகளின் சான்றிதழ்கள், ஆதார் நகல், கடைக் கணக்கு, குடும்பப் படங்கள், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அங்கேதான். சிலர் வீட்டுக் கணினியில் ஜமாஅத் கணக்கும், உம்ரா செல்வோரின் பாஸ்போர்ட் நகல்களும்கூட இருக்கும். அவை பிறருடைய அமானிதம். நாம் நமது பெயரில் இயக்கும் எந்த நிரலும் இவற்றைப் படிக்கலாம், அழிக்கலாம், வெளியே அனுப்பலாம். அதற்கு ரூட் பாஸ்வேர்டு தேவையே இல்லை.

நாமே திறந்துவிடும் கதவு

லினக்ஸில் பெரும்பாலும் நோய் தானாகப் பரவுவதில்லை. நாம்தான் உள்ளே அழைக்கிறோம். 2025 ஆகஸ்டில் வெளிச்சத்துக்கு வந்த ஒரு தாக்குதல் இதற்கு நல்ல உதாரணம். நமது நாட்டிலேயே உருவான பாஸ் லினக்ஸ் ஓடும் அரசு அலுவலகக் கணினிகளைக் குறிவைத்து, கூட்ட அறிவிப்பு என்ற பெயரில் மின்னஞ்சல்கள் வந்தன. இணைப்பில் இருந்தது பார்ப்பதற்கு பிடிஎஃப். உண்மையில் அது 'டெஸ்க்டாப்' வகைக் குறுக்குவழிக் கோப்பு. திறந்தவர் கண்ணுக்கு ஒரு பிடிஎஃப் தெரிந்தது. பின்னணியில் வேவு நிரல் இறங்கிக்கொண்டது. ஆகவே, பதிவிறக்கிய ஓர் ஆவணம், "இயக்க அனுமதிக்கவா?" என்று கேட்டால் சந்தேகம் வர வேண்டும். ஆவணத்தைப் படிக்க அப்படி ஓர் அனுமதி தேவைப்படாது.

யூடியூபிலோ வேறெங்கோ பார்த்த கட்டளையை அப்படியே டெர்மினலில் ஒட்டுவதும் இதே வகைதான். இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, நகலெடுக்கும்போது வருவது வேறொன்று என்று அமைக்க முடியும். முதலில் டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் படித்துப் பாருங்கள். புரியாத கட்டளைக்குப் பாஸ்வேர்டு தராதீர்கள்.

மென்பொருளை இயங்குதளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பதே பாதுகாப்பு. யார் வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய கடைகளில் கவனம் தேவை. ஸ்னாப் ஸ்டோரில் 2018 மே மாதம் '2048' என்ற எண் விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது. லினக்ஸ் மின்ட் 22-ஆம் பதிப்பிலிருந்து சரிபார்க்கப்படாத ஃபிளாட்பேக்குகளைக் கடையில் காட்டாமல் மறைத்தே வைக்கிறது. பிள்ளைகள் புழங்கும் கணினியில் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இயங்குதளத்தின் ஐஎஸ்ஓ கோப்பையும் சரிபார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சினமன் பதிப்பின் பதிவிறக்க இணைப்பையே மாற்றி, பின்கதவு வைத்த பிரதியை வழங்கினார்கள். ஷா256 எண்ணைப் பொருத்திப் பார்ப்பதோடு ஜிபிஜி கையொப்பத்தையும் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். எண்ணும் அதே தளத்தில் இருந்தால், புகுந்தவர் அதையும் மாற்றிவிடலாம் அல்லவா!

களஞ்சியமும் நூறு சதவீதம் அல்ல. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வைக்கப்பட்ட பின்கதவை 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அவர் குடைந்ததால் வெளிவந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கும் வெளியாகியிருந்த உபுண்டு பதிப்புகளுக்கும் அது வந்து சேரவில்லை. வீட்டுக்கு எல்டிஎஸ் பதிப்பு போதும் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் தள்ளிப்போடாமல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பென்டிரைவ் வேடத்தில் கீபோர்டு

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் விண்டோஸ் வைரஸ் ஒட்டிக்கொண்டு வருவது நமக்குப் பழகிய தொல்லை. லினக்ஸில் அது சும்மா கிடக்கும். 'வைன்' போட்டிருந்தால் மட்டும் அந்த இஎக்ஸ்இ கோப்புகளைக் கிளிக் செய்துவிடக் கூடாது. பிறருக்குக் கொடுக்கும் முன் கிளாம்ஏவி கொண்டு ஒருமுறை சோதித்தால் அவர்களுக்கு நல்லது.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. ஒரு யுஎஸ்பி பொருளுக்குள் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கிறது. "நான் பென்டிரைவ்", "நான் கீபோர்டு" என்று கணினிக்குச் சொல்வது அதுதான். அந்தச் சில்லின் நிரலை மாற்றி எழுதலாம் என்பதை கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் 2014-இல் 'பேட்யுஎஸ்பி' என்ற பெயரில் நிரூபித்துக் காட்டினார்கள். பென்டிரைவ் போலத் தெரியும் பொருள் தன்னைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொண்டு, நொடிகளில் டெர்மினலைத் திறந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்துவிடும். நாம்தான் தட்டுகிறோம் என்று கணினி நினைத்துக்கொள்ளும். கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ் எதிர்ப்பு நிரலுக்கு அந்தச் சில்லில் இருப்பது தெரியாது.

எளிய காவல், எழுந்து போகும்போது திரையைப் பூட்டுவது. உபுண்டுவில் விண்டோஸ் பட்டனும் எல்-உம் சேர்த்து அழுத்தினால் போதும். பூட்டிய திரையில் போலிக் கீபோர்டு எதைத் தட்டினாலும் பாஸ்வேர்டு கட்டத்துக்குள்தான் விழும். இன்னும் உறுதி வேண்டுவோர் 'யுஎஸ்பிகார்ட்' நிறுவலாம். நாம் அனுமதித்த சாதனங்களைத் தவிர மற்றவற்றை அது தடுத்துவிடும். முதலில் இப்போது செருகியிருப்பவற்றின் பட்டியலை எழுதச் செய்து, பிறகே காவலை இயக்க வேண்டும். வரிசை மாறினால் சொந்தக் கீபோர்டும் மவுஸுமே தடைபட்டுப்போகலாம். பழைய கணினியின் பின்னால் வட்டத் துளை இருந்தால், அதில் செருகும் பழைய கீபோர்டு ஒன்றை எடுத்து வையுங்கள்; அது யுஎஸ்பி அல்ல என்பதால் தடைபடாது.

கணினியே கைமாறினால்

பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் எவரும் ஒரு லைவ் யுஎஸ்பி போட்டு நமது டிஸ்கை அப்படியே படிக்கலாம். உள்நுழைவுப் பாஸ்வேர்டு அதைத் தடுக்காது. தடுப்பது 'லக்ஸ்' எனும் முழு டிஸ்க் மறையாக்கம். இயங்குதளத்தைப் போடும்போதே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், பிறகு சேர்ப்பது சிரமம். அதன் கடவுச்சொல் மறந்தால் எவராலும் மீட்க முடியாது. காகிதத்தில் எழுதி பத்திரங்களோடு வையுங்கள்.

ஃபயர்வால் உபுண்டுவில் இருந்தாலும் இயக்கப்படாமலே வருகிறது. ஒரே கட்டளையில் இயக்கிவிடலாம்.

பேக்கப் எடுக்கும் ஹார்டு டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே இருந்தால், உள்ளே புகுந்த நிரல் அதையும் சேர்த்து அழிக்கும். கணினியில் ஏதோ புகுந்துவிட்டது என்று வலுவான சந்தேகம் வந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கணினியில் தயாரித்த லைவ் யுஎஸ்பியில் இயக்கி, ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, டிஸ்கை அழித்துப் புதிதாக இயங்குதளம் போடுங்கள். மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியிலிருந்து மாற்ற வேண்டாம். வேறொரு சாதனத்திலிருந்து உடனே மாற்றிவிடுங்கள்.