கோவைக் கல்லூரிகளில் நம் மாணவர்: பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

இவ்வெள்ளி விழா மலருக்கு என்ன எழுதுவதென்று நாம் கூடி ஆராய்ந்தபோது, சங்கத்தின் மாலை வகுப்பு மாணவர் சிலர் ஒரு வினாவை எழுப்பினர். கோவைக் கல்லூரிகளில் நம் மக்கள் எப்போது நுழைந்தனர், அவருள் எத்தெருவினர் நுழைந்தனர் என்பதே அவ்வினா. விடை எளிதில் கிட்டுமென்று எண்ணியே அவர்களைத் தேட அனுப்பினோம். ஒரு கல்லூரி அலுவலகத்தில் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் காட்டவே மறுத்துவிட்டனர். ஆகவே அரசு ஆணைகளையும் முதியோர் நினைவுகளையும் கொண்டே இக்கட்டுரையை அமைக்கின்றோம்.

இன்றைய அரசு கலைக் கல்லூரி 1852-ஆம் ஆண்டில் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்தது. வேளாண்மைக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து இங்கு வந்து 1909-இல் திறக்கப்பெற்றது. 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. உழவைக் கற்பிக்கும் கல்லூரி நம் ஊர் வாயிலிலேயே இருந்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் உழைத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத தொலைவில் இருந்தது. காரணம் கல்லூரி வாயிலில் மட்டும் இல்லை. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கவலை இறைப்பதற்குரிய தோல்பறியைத் தைத்துக் கொடுப்பதும், பழுது பார்ப்பதும், பண்ணயத்தில் ஆளாயிருப்பதும் அருந்ததியரின் பணிகள். சிறுவர் ஆடுமாடு மேய்க்க ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டனர். பத்து வயதில் பட்டிக்குக் காவலிருக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பை எட்டுவது எங்ஙனம்? 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து, பின்னர் கிணறுதோறும் மின்விசை இறைப்பான் பரவியபோது தோல்பறிக்கு வேலை குறைந்தது. பழைய தொழில் போயிற்று. அதற்கு ஈடாகப் பள்ளி தானே வந்துவிடவில்லை.

பதிவேட்டைப் படிக்க விழைவோர் அதிலுள்ள பெயர் மாற்றங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். 1922-இல் எம். சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகப் பஞ்சமர், பறையர் என்னும் சொற்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஆவணங்களில் இடம்பெற்றது. 1936-இல் பட்டியல் வகுப்பினர் என்னும் தலைப்பு வந்தது. அரிசனர் என்ற பெயரும் இடையில் புழங்கியது. ஒரே குடும்பத்தில் பாட்டனுக்கு ஒரு பெயர், தந்தைக்கு மற்றொன்று! நம் கோவையைச் சேர்ந்த ஆர். வீரையன் 1920-களில் பொதுச் சாலையிலும் கிணற்றிலும் நம் உரிமைக்காகச் சட்டமன்றத்தில் வாதாடியவர். இம்மாணவர்களுள் ஒருவரும் அவர் பெயரைக் கேட்டிருக்கவில்லை என்பது எம்மை வருத்தியது.

கல்லூரிக் கதவைத் திறந்தவை இரண்டு. ஒன்று பணம்: 1944-இல் தொடங்கிய மேற்படிப்பு உதவித்தொகை. மற்றொன்று வகுப்புவாரி ஆணை. அரசுப் பணிக்கென 1927-இல் நடைமுறைக்கு வந்த முறையில் பன்னிரண்டு இடங்களில் ஒன்று நமக்கு. 1947-இல் பதினான்கில் இரண்டு. இதே பதினான்கின் பங்கீடு மருத்துவ, பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்கும் பின்பற்றப்பட்டது. அதனை எதிர்த்துச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்னும் பிரிவைச் சேர்த்தது. 1971-இல் தமிழகத்தில் நம் பங்கு நூற்றுக்குப் பதினாறிலிருந்து பதினெட்டாயிற்று.

இவ்வளவும் ஒரே தலைப்பின்கீழ் எண்ணப்பட்ட கணக்கு. அத்தலைப்புக்குள் யார் எத்தனைபேர் என்பதைக் கணக்கு சொல்லவில்லை. கொங்கு மாவட்டங்களில் பட்டியல் வகுப்பினருள் பெருந்தொகையினர் அருந்ததியர். ஆயினும் கல்லூரியில் அவர் தொகை அவ்விகிதத்தில் இல்லை என்னும் குறை நெடுங்காலம் ஒலித்தது. நீதியரசர் ஜனார்த்தனம் குழுவின் ஆய்வுக்குப்பின், 2009-இல் அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் ஆகிய ஏழு பிரிவினருக்குப் பதினெட்டிற்குள் மூன்று விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் இயற்றப்பெற்றது. இத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதனை எழுதுகையில் நம் சங்கத்துள்ளேயே முகஞ்சுளித்தவர் உண்டு. ஒற்றுமை குலையும் என்றனர். உள்ள வேற்றுமையை மறைத்து வாழும் ஒற்றுமை நமக்கு வேண்டுவதில்லை என்பதே எம் கருத்து.

மாணவர் சந்தித்த முதியவர் ஒருவர், கல்லூரி விண்ணப்பத்தில் தாம் அரிசனர், ஊரில் மாதாரி, விடுதியில் வெறும் பெயரில்லாப் பையன் என்று சிரித்துக்கொண்டே கூறினாராம். அதன்பின் மாணவர் தம் கணக்கேட்டை மாற்றி வரைந்தனர். வகுப்பு என்னும் பத்தியோடு உட்பிரிவு, தெரு, தந்தையின் தொழில், வீட்டில் எழுத்தறிந்த முதல் நபர் ஆகிய பத்திகளைச் சேர்த்தனர். ஏடு நிரம்பிய பின்னர் ஒரு மாணவி, தாயின் தொழிலுக்குப் பத்தி எங்கே என்று கேட்டாள். நாமும் அதனை எண்ணவில்லை. புதுப் பத்தி வரைந்து, முன்பு சென்ற வீடுகளுக்கே அவர்கள் மீண்டும் சென்றுகொண்டிருக்கின்றனர்.