துரோணர் கேட்ட இடது கட்டைவிரல்

கிடார் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாருக்கும் எஃப் மேஜர்னு ஒரு வில்லனைத் தெரிஞ்சிருக்கும். சி, ஜி, டி, ஏ மைனர்னு நாலு கார்டை வெச்சுக்கிட்டு வீட்ல இருக்கிறவங்களை ஒரு வழி பண்ணிட்டு இருப்போம். அடுத்ததா எஃப் வரும். ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்ல ஆறு கம்பிக்கும் குறுக்கால படுக்க வெச்சு அமுக்கணும். இதுக்குப் பேரு பார் கார்ட். மிச்ச மூணு விரலும் ஆளுக்கொரு கம்பியைப் பிடிக்கணும். மீட்டினா ஆறுல மூணு கம்பி 'டொக்'குனு செத்த சத்தம் போடும். வாங்கின கிடார் பரண் மேல ஏறுறது பெரும்பாலும் அந்த வாரத்துலதான். 'இளைய நிலா' வாசிச்சே தீருவேன்னு கிளம்பின எத்தனையோ பேரோட பயணம் எஃப்லயே முடிஞ்சிருக்கு.

(கிடார் பக்கமே போகாதவங்களுக்கு: கார்ட்னா மூணு நாலு சுரத்தை ஒரே நேரத்துல ஒலிக்க விடறது. இடது கை கம்பியை அமுக்கும், வலது கை மீட்டும். ஃப்ரெட்ங்கிறது நெக் மேல குறுக்கால பதிச்சிருக்கிற உலோகப் பட்டை. ஆறாவது கம்பிதான் இருக்கிறதுலயே தடிமன், வாசிக்கிறவர் முகத்துக்குப் பக்கத்துல மேலாப்புல இருக்கும். இவ்ளோ தெரிஞ்சா போதும், தாராளமா மேல படிக்கலாம்.)

இந்த எஃப்புக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. நெக்குக்குப் பின்னாடி சும்மா முட்டுக் கொடுத்துட்டு இருக்கிற கட்டைவிரலை மேல கொண்டு வந்து, அந்த ஆறாவது கம்பியை மட்டும் அதால அமுக்கறது. அப்ப ஆள்காட்டி விரல் கடைசி ரெண்டு மெல்லிய கம்பியைப் பாத்துக்கிட்டா போதும். பார் கார்டோட பாதி வலி காணாமப் போயிடும்.

பெங்களூர்ல வாரக் கடைசி வகுப்புக்குப் போயிட்டிருந்தப்ப இதை வாத்தியார் முன்னாடி செஞ்சேன். கையில இருந்த பென்சிலால கட்டைவிரல்ல ஒரு தட்டு. "பேட் ஹேபிட்." ஏன் சார்னு கேட்டேன். "ரூல் அப்படி." அவ்ளோதான் விளக்கம்.

நம்ம பொழப்புல இருக்கிறவங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பத்து வருஷப் பழைய கோடுல காரணமே எழுதாம ஒரு கண்டிஷன் இருந்தா, இதை யாரு, எப்ப, எதுக்காகப் போட்டாங்கன்னு பழைய வெர்ஷனை எல்லாம் நோண்டாம தூக்கம் வராது. இதையும் நோண்டினேன். நோண்டிக்கிட்டே போனா 1810ல போய் நிக்குது. அங்க பாத்தா ரூல் தலைகீழா இருக்கு!

அப்போ பாரீஸ்ல கிடார் வாத்தியார்னா ஃபெர்டினாண்டோ கருல்லிதான் (1770–1841). நேப்பிள்ஸ்காரர். சின்ன வயசுல செல்லோ கத்துக்கிட்டார். கிடாருக்குன்னு அந்த ஊர்ல வாத்தியார் சரியா அமையாததால தானாவே வாசிச்சு வாசிச்சு வளர்ந்தவர். பாரீஸ் வந்து குடியேறினதும் கிடார் கத்துக்க ஆசைப்பட்ட பணக்கார வீட்டுக் கூட்டம் மொத்தமும் இவர்கிட்ட வந்தது. 1810 வாக்குல இவர் வெளியிட்ட பாடப் புத்தகம் ஓப்பஸ் 27. அதுல இடது கட்டைவிரலை மேல கொண்டு வந்து கம்பியை அமுக்கறது சட்டப்படி செல்லும். செல்லும்னு மட்டும் சொல்லல, அதுக்காக வாதாடவே செய்யறார். வாதம் ரொம்ப சிம்பிள். சங்கீதம் நிறைவா இருக்கணும்னா கீழ பேஸ் சுரம் போயிட்டே இருக்கணும், மேல மெட்டும் போகணும், நடுவுலயும் காலியா இருக்கக் கூடாது. இதுக்கு நாலு விரல் பத்தாது. அஞ்சாவதா ஒண்ணு கையிலயே இருக்கே, அதை எதுக்கு சும்மா வெச்சிருக்கீங்க?

கருல்லி மட்டும் தனியாளா இல்ல. வியன்னாவைக் கலக்கிட்டு இருந்த மௌரோ ஜூலியானி (1781–1829) உட்பட அந்தத் தலைமுறையோட இசைக் குறிப்புகள்ல, இந்த இடத்துல கட்டைவிரலைப் போட்டாதான் வாசிக்க முடியும்ங்கிற மாதிரி இடங்கள் உண்டு. அன்னிக்கு அது பேட் ஹேபிட் இல்ல, சிலபஸ்.

எதிர்க்கட்சித் தலைவர் ஃபெர்னாண்டோ சோர் (1778–1839). பார்சிலோனாவுல பிறந்து, மொன்செராட் மடாலயத்துப் பள்ளியில முறையா சங்கீதம் படிச்சவர். 1830ல பாரீஸ்ல இவரோட பாடப் புத்தகம் வந்தது. கிடார் புத்தகம்னு நினைச்சுத் திறந்தா பாதி உடற்கூறு பாடம். கை எலும்பு எப்படி வளையும், விரல் கம்பி மேல எந்தக் கோணத்துல விழணும், படம் போட்டு விளக்கியிருப்பார். கட்டைவிரலுக்கு அவர் சொன்ன இடம் நெக்குக்குப் பின்னாடி, மத்த விரல்களுக்கு நேர் எதிரே. மேல தூக்கினா என்ன ஆகும்? உள்ளங்கை நெக்கோட ஒட்டிக்கும், மணிக்கட்டு மடங்கும், மத்த நாலு விரலும் படுத்துக்கும், எட்ட முடிஞ்ச தூரம் குறையும். அதனால வேண்டாம்.

எனக்கு சோர் மேல மரியாதை உண்டு. என் வாத்தியார் மாதிரி "ரூல் அப்படி"ன்னு முடிச்சுக்காம காரணம் சொன்ன மனுஷன். அந்தக் காரணத்துல தப்பும் இல்ல. கட்டைவிரலை மேல தொங்க விட்டுக்கிட்டு சுண்டு விரலை நாலு ஃப்ரெட் தள்ளி நீட்டிப் பாருங்க, சோர் சொன்னது உடனே புரியும். இழுத்துப் பிடிச்சு வாசிக்க வேண்டிய இசைக்கு அவர் சொன்னதுதான் சரி. கருல்லி பேசினது கார்டைப் பத்தி, சோர் பேசினது விரல் நடமாட்டத்தைப் பத்தி. ரெண்டு பேரும் வேற வேற ரிக்வயர்மென்ட்டுக்கு டிசைன் பண்ணியிருக்காங்க.

ஜெயிச்சது சோர் கட்சி. வாதத்தோட பலத்துல ஜெயிச்சாங்கன்னு புத்தகங்கள் சொல்லும். எனக்கென்னவோ தச்சர்கள் ஜெயிக்க வெச்சாங்கன்னு தோணுது. 1810 காலத்து கிடார் சின்னது. இடுப்பு ஒடுங்கி, நெக் ஒல்லியா, பெரும்பாலும் 50 மில்லிமீட்டருக்கும் குறைஞ்ச அகலத்துல இருக்கும். சாதாரணக் கையோட கட்டைவிரல் கஷ்டமில்லாம சுத்தி வந்துடும். 19ஆம் நூற்றாண்டோட நடுவுல ஸ்பெயின்ல அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) வந்தார். உடம்பைப் பெருசாக்கி, சத்தத்தைக் கூட்டி, இன்னிக்கு நாம கிளாசிக்கல் கிடார்னு சொல்ற உருவத்தைக் கொடுத்தார். இன்னிக்கு ஒரு கிளாசிக்கல் கிடாரோட நெக், மேல் முனையில சுமார் 52 மில்லிமீட்டர். மேல்பரப்பு தட்டை. அப்புறம் தாரெகா (1852–1909) காலத்துல இடது காலைச் சின்ன ஸ்டூல் மேல வெச்சு, நெக்கை மேல்நோக்கிச் சாய்ச்சு உக்கார்றது வழக்கமாச்சு. அந்த நெக்கை அந்தக் கோணத்துல பிடிச்சுக்கிட்டு கட்டைவிரலால ஆறாவது கம்பியைத் தொடணும்னா கை அனுமார் சைஸ்ல இருக்கணும். ஹார்டுவேர் மாறிடுச்சு, ஃபீச்சர் செத்துப் போச்சு. ஆனா காரணம் மறந்து போய், தடை மட்டும் 'ரூல்'னு நின்னுடுச்சு.

ஏகலைவன் கதை ஞாபகம் வருதா? அங்க கேட்டது வலது கட்டைவிரல், இங்க இடது. மத்தபடி கதை அதேதான். குரு இல்லாமக் கத்துக்கிட்டவன் கட்டைவிரலைத்தான் குருக்களுக்குப் பிடிக்கல. ஒரே ஒரு வித்தியாசம், இந்த ஏகலைவர்கள் குடுக்கல :-)

இப்போ அட்லாண்டிக் தாண்டணும். 1890கள்ல இருந்தே சியர்ஸ் ரோபக் மாதிரி தபால் கடைகள் கேட்டலாக் போட்டு அமெரிக்கா பூரா கிடார் வித்தாங்க. வாங்கினது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, பருத்திக் காட்டுக்காரர், தெருவுல பாடறவர். பார்சல்ல கிடார் வரும், வாத்தியார் வர மாட்டார். சோர் எழுதின புத்தகத்தைக் கண்ணால கூடப் பாத்திருக்க மாட்டாங்க. கையில எது தோதோ அதுதான் டெக்னிக்.

கென்டக்கி மாநிலத்துல ஆர்னால்ட் ஷுல்ட்ஸ்னு (1886–1931) ஒரு கறுப்பினக் கலைஞர். சுரங்கத்துலயும் வேலை பார்த்தவர். வலது கட்டைவிரலால பேஸ், மத்த விரல்ல மெட்டுன்னு ஒரே ஆள் ரெண்டு ஆள் மாதிரி வாசிக்கிற பாணி அந்தப் பக்கத்துல பரவினதுக்கு மூலவர்னு இவரைத்தான் சொல்வாங்க. அவர்கிட்ட இருந்து கென்னடி ஜோன்ஸ், அங்கேருந்து மோஸ் ரேகர், ஐக் எவர்லின்னு கைமாறி, கடைசியில மெர்ல் ட்ராவிஸ் (1917–1983) கிட்ட வந்தது. 'சிக்ஸ்டீன் டன்ஸ்' பாட்டை எழுதின சுரங்கத் தொழிலாளி மகன். ட்ராவிஸோட இடது கையைப் பாத்தா கருல்லி எழுந்து நின்னு கும்பிடுவார். கட்டைவிரல் எப்பவும் மேலதான். ஆறாவது கம்பி மட்டுமில்ல, சில சமயம் அஞ்சாவதையும் சேர்த்தே அமுக்கும். நாலு விரலும் மெட்டுக்கு ஃப்ரீ. 120 வருஷம் முன்னாடி பாரீஸ்ல எழுதின அதே காரணம், அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே.

ரெவரெண்ட் கேரி டேவிஸ் (1896–1972) கதை இன்னும் பிடிக்கும் எனக்கு. தென் கரோலினாக்காரர், குழந்தையிலேயே பார்வை போயிடுச்சு. இடது மணிக்கட்டு ஒரு தடவை உடைஞ்சு, கோணலா சேர்ந்துடுச்சு. பாடப் புத்தகம் சொல்ற மாதிரி அந்தக் கையைப் பிடிக்கவே முடியாது. கட்டைவிரலை மேல போட்டு, தனக்குன்னு கார்ட் வடிவங்களைக் கட்டிக்கிட்டார். நியூயார்க் தெருக்கள்ல பாடினார், வீட்ல பாடம் எடுத்தார். டேவ் வான் ராங்க், ஸ்டெஃபான் க்ராஸ்மன்னு அறுபதுகளோட ஒரு தலைமுறையே அவர்கிட்டக் கத்துக்கிட்டது. 'கெட்ட பழக்கம்' பாடத்திட்டமா மறுபடி உக்காந்துடுச்சு பாருங்க.

ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் (1910–1953) பத்தி தனியாவே எழுதலாம். 1928ல வண்டியில தீப்பிடிச்சு இடது கையோட மோதிர விரலும் சுண்டு விரலும் கிட்டத்தட்ட முடங்கிப் போச்சு. மிச்சம் இருந்ததே ரெண்டு முழு விரல். அப்ப கட்டைவிரலைப் பேஸுக்கு இழுக்கிறதுக்கு யார்கிட்ட போய் அனுமதி கேக்கணும்?

1954ல ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. எலெக்ட்ரிக் கிடார். நெக் மேல் முனையில சுமார் 42 மில்லிமீட்டர், மேல்பரப்பு லேசா வளைஞ்சு. தோள்ல வார் போட்டு இடுப்புக்குத் தொங்க விட்டு நின்னுக்கிட்டே வாசிக்கலாம். அந்த நிலையில கட்டைவிரல் தானாவே மேல வந்து உக்காந்துக்கும். ஹார்டுவேர் திரும்பவும் கருல்லி கட்சிக்கு மாறிடுச்சு.

அதைக் கடைசி வரைக்கும் கொண்டு போனவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் (1942–1970). இடது கைக்காரர், வலது கை ஸ்ட்ராட்டைத் தலைகீழாப் பிடிச்சு கம்பியை மாத்திப் போட்டுக்கிட்டவர். அதனால அவருக்கு அமுக்கற கை வலது. 'லிட்டில் விங்' (1967) ஆரம்பத்தைக் கேளுங்க. கார்ட் அடிக்கிறாரா, மெட்டு வாசிக்கிறாரான்னு பிரிக்க முடியாது. ரகசியம் கட்டைவிரல். பேஸை அது கெட்டியாப் பிடிச்சுக்கும். பார் போட வேண்டிய ஆள்காட்டி விரலுக்கு விடுதலை. மோதிர விரலும் சுண்டு விரலும் கார்டுக்குள்ளேயே சுரத்தைத் தட்டி, எடுத்து, வழுக்கி விளையாடும். இதையே பார் கார்ட் போட்டு வாசிச்சுப் பாருங்க. சுரம் எல்லாம் சரியா இருக்கும், பாட்டு இருக்காது.

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை சாயங்காலம், வுட்ஸ்டாக். மத்த கலைஞர்கள் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டதால முதல் ஆளா மேடை ஏறினவர் ரிச்சி ஹேவன்ஸ் (1941–2013). இவர் கிடாரை ஓப்பன் ட்யூனிங்ல வெச்சுப்பார், அதாவது எதையும் அமுக்காம மீட்டினாலே ஒரு முழுக் கார்ட் ஒலிக்கும். மத்த கார்டுக்கு? கட்டைவிரலை மேல இருந்து ஆறு கம்பிக்கும் குறுக்கால போட்டு, மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டே இருப்பார். அவ்ளோதான். அந்த ஒரே விரலை வெச்சுக்கிட்டு அடுத்த ஆள் வர்ற வரைக்கும் கூட்டத்தைக் கட்டிப் போட்டார், பாட்டு தீர்ந்து போய் 'ஃப்ரீடம்'ங்கிற பாட்டை மேடையிலேயே உருவாக்கினார். 18ஆம் தேதி திங்கட்கிழமை காலையில, பாதிக் கூட்டம் கிளம்பிப் போனப்புறம், விழாவை முடிச்சு வெச்சது ஹென்ட்ரிக்ஸ். கடைசிப் பாட்டு 'ஹே ஜோ'.

ட்ரை பண்ண நினைக்கிறவங்க எஃப்ல ஆரம்பிக்காதீங்க. டி கார்டைப் பிடிச்சுக்கிட்டு, கட்டைவிரலால ஆறாவது கம்பியோட ரெண்டாவது ஃப்ரெட்டை அமுக்குங்க. அஞ்சாவது கம்பியை விட்டுடாதீங்க, அதுவும் சேர்ந்து ஒலிக்கலாம். ஜியில இருந்து ஈ மைனருக்குப் போறப்ப நடுவுல இதைப் போட்டா பேஸ் படிக்கட்டு இறங்கற மாதிரி இறங்கும். உக்காந்திருந்தா கிடாரை வலது தொடையில வெச்சுக்கோங்க, மணிக்கட்டு வலிச்சா நிறுத்திடுங்க. கிளாசிக்கல் கிடார் வெச்சிருக்கீங்கன்னா சோர் சொல்றதைக் கேட்டுக்கிட்டு பேசாம இருக்கிறது நல்லது.

பி.கு: ரஷ்யாவை விட்டுட்டேன்னு யாரும் ஆட்டோ அனுப்பிட வேணாம். அங்க ஏழு கம்பி கிடார்னு ஒண்ணு 19ஆம் நூற்றாண்டுல இருந்தே இருக்கு. அதுல இடது கட்டைவிரலால அடிக்கம்பியை அமுக்கறது வாத்தியார்களே சொல்லிக் கொடுத்த முறை. 1926ல செகோவியா சோவியத் யூனியன்ல கச்சேரி பண்ணப்புறம் ஆறு கம்பி கிளாசிக்கல் கிடார் அங்கயும் செல்வாக்குப் பெற, ஏழு கம்பி மேடையில இருந்து மெல்ல ஓரங்கட்டப்பட்டது. அதைச் சமையலறையிலயும் நண்பர்கள் கூட்டத்துலயும் காப்பாத்தினது புலாத் அக்குஜாவா, விளாதிமிர் விசோத்ஸ்கி மாதிரி தாங்களே எழுதித் தாங்களே பாடின ஆளுங்க. அவங்க பாட்டெல்லாம் டேப்ல காப்பி மேல காப்பி எடுத்துதான் நாடு பூரா போச்சு. அது தனிப் பதிவுக்கான சரக்கு, இன்னொரு நாள் எழுதறேன்.