முறைப்பாட்டுப் புத்தகம் இல்லாத கப்பல்



எங்கள் கல்லூரியில் ஒரு நாள் மலையக இலக்கியத்தின் பின்னணி பற்றிப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோப்பி, தேயிலை, பெரிய கங்காணி, துண்டுமுறை, 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எனக் கரும்பலகை நிறைந்துவிட்டது. அப்போது பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், அவங்க கப்பல்ல வந்தப்ப சாப்பாடு குடுத்தாங்களா?” என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. எத்தனையோ வருடங்களாக இந்தப் பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். சட்டங்களும் ஒப்பந்தங்களும் மனப்பாடம். கடலைக் கடந்தவனுக்குப் பசித்திருக்குமே என்பதை மட்டும் நான் ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. இன்றைய எனது உரை அந்த மாணவிக்குரிய பதில்.

கப்பற் பயணத்தின் சின்னத் தொல்லைகள் பற்றி இப்பொழுது நிறையவே எழுதப்படுகிறது. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்து போனது. உலகெங்கும் இத்தகைய கப்பல்களில் போய் வருவோர் சொல்லும் குறைகள் ஒரே மாதிரியானவை. சாப்பாட்டு வரிசை நீளம். நீச்சற் குளத்தருகே இருக்கும் சாய்வு நாற்காலிகளில் விடியுமுன்னரே துவாயைப் போட்டு இடம்பிடித்து விடுகிறார்கள். பக்கத்து அறைக் குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்கிறது. தேநீருக்குத் தனிக் காசு. இவற்றைக் கேலி செய்ய நான் வரவில்லை. காசு கொடுத்தவர் குறை சொல்லத்தான் செய்வார். அதை எழுதிக்கொடுக்க ஓர் இடமும், வாசித்துப் பார்க்க ஓர் ஆளும் உண்டு என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. தம்மை ஒரு பயணியென்று நினைக்கும் மனிதரே முறைப்பாடு செய்வார்.

எங்கள் முன்னோரைப் பயணிகளென்று எவரும் எண்ணவில்லை. ‘ஆள்’ என்றுதான் எண்ணினார்கள். இத்தனை ஆள் ஏறியது, இத்தனை ஆள் இறங்கியது என்பதே கணக்கு. அந்தக் கப்பல்களில் முறைப்பாட்டுப் புத்தகம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

முதலில் தோணிக் காலம். 1820களில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியதிலிருந்து இராமநாதபுரக் கரையோரத்தில் பாய்த்தோணி ஏறி மன்னார்ப் பக்கம் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை கால்நடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழிநெடுக மாண்டவர்களின் கதை நாம் அறிந்ததே. 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த 200ஆவது ஆண்டு நினைவு நடைபயணம் அந்தத் துயரத்தை நாட்டுக்கு மீண்டும் எடுத்துச் சொன்னது. உல்லாசக் கப்பல் வந்த அதே ஆண்டு, அடுத்த மாதம், இந்த நடை. ஒரே கடலுக்கு இரண்டு கரை மட்டுமா? இரண்டு ஞாபகங்களும் உண்டு.

அடுத்தது நீராவிக் கப்பல். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவுப் பயணம். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறை முகாம். கொழும்பில் இறங்கியதும் இராகமை முகாம். இரண்டுக்கும் நடுவே திறந்த மேல்தளத்தில் மூட்டையோடு மூட்டையாக ஓர் இரவு. வடகாட்டுப் பாதையில் நடந்து சாவதிலும் பார்க்க இது மேல்தான். ஆனால் 1900களின் தொடக்கத்தில் தகரத் துண்டு என்றொரு பொருள் வந்து சேர்ந்தது. தோட்டத்தை அறிவிக்கும் இலக்கம் பொறித்த சிறு தகடு. அதைக் காட்டினால் கடைசியில் போய்ச் சேரவேண்டிய தோட்டம் வரை ஆளை அனுப்பிவைப்பார்கள். பெட்டிக்குச் சீட்டு ஒட்டி அனுப்புவதைப் போன்ற ஏற்பாடு. தபாற்பெட்டி வழி தவறாது என்பது உண்மை. அதற்குப் பெயர் கேட்பவரும் இல்லை என்பதும் உண்மை.

அதே தூத்துக்குடிப் பாதையில் பயணியைக் கும்பிட்டு அழைத்த ஒரு காலமும் இருந்தது. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேருக்கும், இரண்டாம் வகுப்பில் 24 பேருக்கும், சாதாரண வகுப்பில் 1,300 பேருக்கும் இடமிருந்ததாகச் சொல்வர். போட்டி முற்றியபோது ஆங்கிலேயக் கம்பனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு ஒரு குடையும் பரிசாகக் கொடுக்க முன்வந்தது. அந்தக் குடையைப் பற்றி நாம் விடுதலைப் போராட்டக் கதையாகவே படித்திருக்கிறோம். நான் அதில் வேறொன்றையும் காண்கிறேன். மேல்தளத்துப் பயணிக்கும் வெயில் சுடும், மழை நனைக்கும் என்பது கம்பனிக்குத் தெரியாத விடயமன்று. போட்டி இல்லாத காலத்தில் அதைத் தெரிந்துகொள்ளத் தேவை ஏற்படவில்லை, அவ்வளவுதான். கங்காணியின் கடன் கணக்கில் வந்த தோட்டத்து ஆளுக்கு எந்தக் கப்பல் என்று தெரிவு செய்யும் உரிமையே இல்லாதபோது குடை எங்கிருந்து கிடைக்கும்? பயணச் செலவும் அவன் தலையிலேயே கடனாக ஏறிய காலம் அது. 1923இன் சட்டம் அதற்கெனத் தனி நிதியை ஏற்படுத்தும் வரை அந்த நிலைதான்.

1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார்ப் பாதை திறந்தது. இருபக்கமும் ரயில், நடுவே ஏறத்தாழ 22 மைல் கடல், இரண்டு மணித்தியாலக் கப்பல். பயணம் குறுகிவிட்டது, காத்திருப்பு நீண்டுவிட்டது. இலங்கை அரசு இந்தியக் கரையில் நடத்திய மண்டபம் முகாமில் தோட்டத்துக்கு வருவோர் தடுத்து வைக்கப்பட்டு, அம்மைப்பால் குத்தப்பட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டு, நோயில்லை எனக் கண்ட பின்னரே கப்பலேற்றப்பட்டார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் இது தேவையான காவல் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் காவலின் முழுப் பாரமும் யார் முதுகில் விழுந்தது என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

என்னுடைய அம்மாயி 1930களின் நடுப்பகுதியில் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமியாக வந்தவர். வழியில் தங்கிய முகாமின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ‘கேம்ப்பு’ என்பார். வறுமையைப் பற்றியோ ஊரை விட்டு வந்த ஏக்கத்தைப் பற்றியோ நாங்கள் கேட்டால், “அதெல்லாம் இப்ப எதுக்கு சாமி” என்று வாயை மூடிக்கொள்வார். ஆனால் சேலைக் கதையை மட்டும் எத்தனை தடவையும் சொல்வார்.

அவருடைய தாயிடம் நல்ல சேலை ஒன்றுதான் இருந்தது. அரக்கு நிறம். கல்யாணத்துக்கு எடுத்தது. கேம்ப்பில் எல்லாருடைய துணிமணியையும் வாங்கிக் கட்டாகக் கட்டி ஆவியில் வைத்தார்கள். திரும்பி வந்தபோது யாருடையதோ வேட்டிச் சாயமும் சேலைச் சாயமும் ஒன்றோடொன்று கலந்து, மடிப்பு மடிப்பாகக் கறை பிடித்திருந்தது. “எங்காத்தா அழுகல சாமி. அதை விரிச்சுப் பாத்துட்டு, மறுபடி மடிச்சு வச்சுச்சு. சீலோனுக்குப் புதுசா வர்றப்ப கட்டிக்கணும்னு வச்சிருந்தது” என்பார். மருந்துத் தண்ணீர்க் குளிப்பின் வாடை கப்பலிலும் போகவில்லையாம். கப்பலில் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சங்காயொன்று கைமாறிக் கைமாறி முகரப்பட்டதாம். கடைசியில் அது யாருடையது என்றே தெரியவில்லை. சோறு கேம்ப்பில் கிடைத்தது. பசி தீரவும் கிடைத்தது. “ஆனா தட்டை நீட்டிக்கிட்டு வரிசையில நிக்கிறது எங்கப்பாருக்குப் புதுசு. அங்கதான் பழகுனாரு” என்று முடிப்பார்.

இந்தக் கடைசி வசனத்தை நான் சிறுவனாக இருந்தபோது கவனித்ததில்லை. இன்று யோசித்துப் பார்க்கையில் ஒரு வரலாற்று நூலின் அத்தியாயமே அதில் அடங்கியிருப்பதாகப் படுகிறது. பிரட்டுக்களத்தில் விடியற்காலை நிற்பது, அரிசிக்கு நிற்பது, கொழுந்து நிறுக்க நிற்பது, பின்னர் பிரசாவுரிமைப் படிவத்துக்கு நிற்பது – எல்லா வரிசைக்கும் தலைமை வரிசை அந்தத் தட்டு வரிசை. மேல்வகுப்புப் பயணிகள் மருத்துவச் சோதனையோடு கடந்து போன அதே இடத்தில்தான் எங்கள் பாட்டன்மார் வரிசை பழகினார்கள்.

திரும்பிப் போன கதைக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்கும் என்று தலைகள் பங்கிடப்பட்டன. இரண்டு மாதம் ஆகுமுன், அந்த டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. வந்த வாசல் மூடிக்கொண்டது. போகும் வாசல் இராமேஸ்வரத்தில் திறந்தது. இராமானுஜம் என்ற கப்பல் அப்போதுதான் எங்கள் மக்கள் வாழ்வில் நுழைகிறது. அட்டனிலும் நானுஓயாவிலும் அவர்களை ஏற்றிக்கொண்டு போன ரயிலுக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று சனங்கள் பேர் வைத்தார்கள். அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவரும் வைத்திருக்க முடியாது.

அம்மாயியின் தம்பி 1970களில் அந்தக் கோச்சியில் போனார். ஒப்பந்தப்படி சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் கொண்டுபோக இடமிருந்தது. குடும்பமொன்று எடுத்துச் செல்லக்கூடிய உச்சத்தொகையை 4,000 ரூபாவிலும் கீழே குறைக்கக் கூடாது என்றும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவர் போன பின் எழுதிய முதற் கடிதத்தில் பணத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கரையில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்த போது அம்மிக்குழவி உருண்டு போய்விட்டதென்றும், அம்மி மட்டும் வந்து சேர்ந்ததென்றும் எழுதியிருந்தார். அம்மாயி அந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பாராம். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாராம். அம்மா சொல்லக் கேட்டது.

போனவர்கள் இறங்கிய பின் தங்கவைக்கப்பட்டதும் அந்த மண்டபம் முகாமில்தான். அங்கிருந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் பிரிந்து போனார்கள். காலப்போக்கில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவ்வாறு போய்ச் சேர்ந்தனர். 1983க்குப் பின் போர் துரத்த, கடல் தாண்டிப் போன அகதிகளை வரவேற்றதும் அதே முகாம். வந்தவனுக்கும், போனவனுக்கும், ஓடியவனுக்கும் ஒரே வாசல். இராமானுஜம் ஓடுவது 1980களின் நடுப்பகுதிக்குள் நின்றுபோனது. தலைமன்னார் ரயில்பாதை 2015இல் மீண்டும் திறந்தது; அதன் முனையில் கப்பல் காத்திருக்கவில்லை. 2023 அக்டோபரில் நாகபட்டினம் – காங்கேசன்துறைச் சேவை தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தது. அதில் போனவர்கள் பொதி நிறையைப் பற்றியும் தாமதத்தைப் பற்றியும் குறை சொன்னால் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தக் கடலில் நம்மவர் பயணியாகிவிட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

முறைப்பாட்டுப் புத்தகம் இல்லாதவர்களின் முறைப்பாடு எங்கே போயிற்று? தாலாட்டிலும் தெம்மாங்கிலும் ஒப்பாரியிலும் போய் ஒதுங்கிற்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் லயங்களில் தேடித் தொகுத்த பாடல்களை நாம் சோகப் பாடல்கள் என்று பெயரிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறோம். அவற்றை ஒரு தடவை முறைப்பாடுகளாகவும் வாசித்துப் பாருங்கள். குளிர், கூலி, கங்காணியின் வாய் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகியிருக்கும். சாயம் கலந்த ஒரு சேலையும் எங்காவது மடித்து வைக்கப்பட்டிருக்கலாம்.

அந்த மாணவிக்கு மறுநாள் பதில் சொன்னேன்: “குடுத்தாங்க பிள்ளை. வரிசையில நிக்கவச்சுக் குடுத்தாங்க.” இம்முறை வகுப்பு சிரிக்கவில்லை.

நேயர்களே, உங்கள் வீட்டில் கடல் கடந்த ஞாபகமுள்ள முதியவர் ஒருவர் இன்னும் இருந்தால், ஒப்பந்தத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது புத்தகத்தில் இருக்கிறது. என்ன சாப்பிட்டீர்கள், எதைத் தொலைத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வையுங்கள். நூறு வருடம் தாமதமானாலும் அதுவே நமது முறைப்பாட்டுப் புத்தகம்.